ஸ்டுடியோ கிதார்

ஆம்பூர்
6-3-1982

அன்புள்ள திரு. சத்தியநாதன் அவர்களுக்கு,

ஞானசுந்தரி எழுதுகிறேன். உங்களை எப்படி அழைத்து எழுதுவது என்று, கல்யாண வேலைக்கு உதவ வந்திருக்கும் ரோஸ் அக்காவிடம் கேட்டேன். "அத்தான்னு எழுதுடி, வேற இன்னா எழுதுவ?" என்றாள். நிச்சயதார்த்தத்தன்று காபி தம்ளரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரை, குரல்கூட இன்னும் சரியாகக் கேட்காதவரை, அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. அதனால் இப்போதைக்குத் திருவே இருக்கட்டும்.

திருட்டுத்தனமாக எழுதவில்லை. அம்மாவுக்குத் தெரியும். "எழுது, ஆனா ஜாஸ்தி எழுதாதே" என்று உத்தரவு. ஆனால் இந்த லெந்து நோன்பு நாட்களில் நான் வேறு என்ன செய்ய? சாம்பல் புதனன்றே அம்மா என் டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டரை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்கள். ஈஸ்டர் வரைக்கும் பாட்டு கிடையாது. வருஷா வருஷம் இதே கதைதான். நான் கேட்கிற பாட்டுக்கு லெந்து மட்டும் போதாது, வருஷம் முழுக்கப் பூட்டி வைக்கலாம் என்பது அம்மாவின் எண்ணம். தகர டப்பாவைப் படிக்கட்டில் உருட்டி விடுகிற சத்தம் என்பார்கள்.

என் பைத்தியங்களை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒன்று, ராக் சங்கீதம். வேலூரில் டைப் படித்தபோது பக்கத்து மாடியில் மெடிக்கல் காலேஜ் பையன்கள் ஒருநாள் போட்டார்கள். எலெக்ட்ரிக் கிதார் ஒன்று தனியாக அழுதுகொண்டே மேலே மேலே போயிற்று. என் மிஷினில் தாளைத் தலைகீழாகச் செருகி ஒரு பக்கம் முழுக்க அடித்திருக்கிறேன், எனக்கே தெரியவில்லை. அன்றையிலிருந்து இங்கே பஜாரில் காசெட் கடை வைத்திருக்கும் ரஃபி அகமது பாயை நான் விட்டதில்லை. அவர் மெட்ராஸ் பர்மா பஜாருக்குப் போய் வரும்போதெல்லாம் எனக்கு ஒன்று பதிவு செய்து தருவார்.

இன்னொன்று, மேல்நாட்டுப் பத்திரிகைகள். நான் வேலை செய்யும் கம்பெனியில் ஷூவின் மேல்பாகம் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். நான் மிஷினில் இல்லை, சாம்பிள் ரூமில் இருக்கிறேன். இத்தாலியிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வருகிறவர்கள் கண்ணாடி மாதிரி வழுவழுவென்ற பத்திரிகைகளை விட்டுவிட்டுப் போவார்கள். அதிலிருக்கும் செருப்பையும் ஷூவையும் பார்த்து அட்டையில் அளவு வெட்டுவதுதான் எங்கள் வேலை. பழசானதும் எங்கள் மாஸ்டர் ஆபித் பாஷா எனக்கே கொடுத்துவிடுவார். ஒரு டிரங்குப் பெட்டி நிறைய வைத்திருக்கிறேன். அடுத்த வருஷம் உலகம் கூர்மூக்கு ஷூ போடப்போகிறதா சப்பை மூக்கா என்பது மெட்ராஸுக்குத் தெரியும் முன்பே ஆம்பூரில் எனக்குத் தெரியும்!

ஏன் உங்களுக்குச் சரி சொன்னேன் என்று தெரியுமா? உங்களுக்கு முன்னால் வந்த படங்களில் எல்லோரும் பூச்சாடிக்குப் பக்கத்தில் ஒரே மாதிரி நின்றார்கள். உங்கள் படத்தில் காதை மூடிய முடி, தரையைக் கூட்டும் பெல்பாட்டம், மார்போடு சாய்த்த கிதார். பார்த்த உடனே சரி என்றேன். அம்மா அசந்துபோய், "சம்பளம் இன்னா, மாமியார் எப்படின்னு கேக்க மாட்டியா?" என்றார்கள். பெல்பாட்டம் போய் எல்லாம் குறுகலாகிவிட்டது, பத்திரிகையில் பார்க்கிறேன். அதை மன்னித்துவிட்டேன். நிச்சயத்தன்று முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்திருந்தீர்கள். கல்யாணத்துக்குள் வளர்ந்துவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

கிதார் சாதாரணமா, எலெக்ட்ரிக்கா? தனி வாசிப்பா, கூட வாசிப்பா? உடனே எழுதுங்கள். பாட்டில்லாமல் காது காய்கிறது.

ஞானசுந்தரி


அரக்கோணம்
11-3-1982

கர்த்தருக்குள் பிரியமான ஞானசுந்தரிக்கு,

உங்கள் கடிதம் ரயில்வே பார்சல் ஆபீசுக்கு வந்தது. கவரின்மேல் கையெழுத்தைப் பார்த்துவிட்டு என்னுடன் வேலை செய்யும் லோகநாதன் ஆபீஸ் முழுவதற்கும் பூந்தி வாங்க வைத்துவிட்டான். பூந்தி தின்ற பிறகுதான் நான் பிரித்துப் படித்தேன். படித்த பிறகு தின்ற பூந்தி செரிக்கவில்லை.

சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். அந்தக் கிதார் ஸ்டுடியோக்காரருடையது.

சென்ற ஆண்டு மஞ்சள் காமாலையில் படுத்திருந்தேன். நெடுநாள் முடி வெட்டவில்லை. எழுந்த கையோடு அண்ணன் படம் எடுக்க அழைத்துப்போனார். என் பேன்ட் எதுவும் இடுப்பில் நிற்கவில்லை. பெல்பாட்டம் லோகநாதன் கொடுத்தது. விளக்குக்கு முன்னால் நின்றால் கைகளை எங்கே வைப்பது என்று எனக்குப் புரியவில்லை. கட்டினேன், தொங்கவிட்டேன், பின்னால் வைத்தேன். ஸ்டுடியோக்காரர் பேஜாராகி, "இத்தப் பிடிச்சிக்க சார், கை அடங்கும்" என்று மூலையிலிருந்த கிதாரைக் கொடுத்தார். அதில் இரண்டு கம்பிதான் இருந்தது. இல்லாத கம்பிகளைக் கையால் மறைத்துக்கொள்ளவும் சொன்னார்.

ஆக, அந்தப் படத்தில் என்னுடையது முகம் மட்டும். அதுவும் காமாலை முகம்.

எனக்குக் கோயில் பாட்டுகள் தெரியும். அதிலும் பக்கத்தில் யாராவது உரக்கப் பாடினால்தான் சேர்ந்து வரும். ராக் என்பது என்ன என்று லோகநாதனிடம் விசாரித்தேன். அவனுக்கும் சரியாகத் தெரியவில்லை.

இன்னொன்றும் எழுதியாக வேண்டும். ஈஸ்டர் கழிந்த பிறகுதான் இரண்டு ஊர்க் கோயிலிலும் நம் கல்யாண ஓலையை வாசித்து, தடை உண்டா என்று கேட்கத் தொடங்குவார்கள். தொடர்ந்து மூன்று ஞாயிறு. மூன்றாம் ஓலை வாசிக்கும் வரை எதையும் நிறுத்தலாம். நீங்கள் சரி சொன்னது என்னைப் பார்த்து அல்ல, கிதாரைப் பார்த்து. மனம் ஒப்பவில்லை என்றால் எனக்கு ஒரு வரி போதும். விலகிக்கொண்டது நான்தான் என்று சொல்லிவிடுகிறேன். உங்கள்மேல் பழி வராது.

தங்கள்
சத்தியநாதன்


ஆம்பூர்
17-3-1982

திரு. சத்தியநாதன் அவர்களுக்கு,

கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவளுக்கு மதி எங்கே போயிற்று? நானே என்னைக் கேட்டுக்கொண்டேன். இரண்டு கம்பிக் கிதாருக்குக் கழுத்தை நீட்டச் சம்மதித்த பெண் இந்த வட ஆற்காடு ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சாம்பிள் ரூமில் அழுதேன். பசை நெடி கண்ணில் பட்டுவிட்டது என்று சொன்னேன். ஆபித் பாஷா மாஸ்டர் நம்பின மாதிரி ஜன்னலைத் திறந்துவிட்டார். உங்கள்மேல் வண்டி வண்டியாகக் கோபம் வந்தது. கல்யாணம் வரைக்கும் நீங்கள் கதை அளந்திருக்கலாம், கிதாரை ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன் என்றாவது எழுதியிருக்கலாம். கேட்டவுடனே உள்ளதை எழுதிவிட்டால் ஒரு மனுஷி எப்படித்தான் கோபப்படுவது?

நான்கு நாள் யோசித்தேன். உண்மையாகவே எனக்கு வேண்டியது கிதார் வாசிக்கிற ஆளா என்று. இல்லை. கிதார் வாசிக்கிறவர் என்றால் நான் ஒளித்து வைக்க வேண்டியிருக்காது என்று நினைத்திருக்கிறேன், அவ்வளவுதான். ஏன் என்று சொல்கிறேன்.

ரோஸ் அக்கா கல்யாணத்துக்கு முன் எப்படி இருப்பாள் தெரியுமா? தையல் படங்கள் போட்ட இங்கிலீஷ் பத்திரிகைகளை வேலூரில் பழைய புத்தகக் கடையில் தேடித் தேடி வாங்கி, அதைப் பார்த்துக் கவுன் தைப்பாள், கழுத்து வைப்பாள், கை வைப்பாள். கோயிலில் பாதிப் பெண்கள் அவள் ரவிக்கையைப் பார்த்துக்கொண்டே ஜெபம் செய்வார்கள். கல்யாணமாகி வாலாஜாபேட்டைக்குப் போனாள். அந்த வருஷமே அவள் வீட்டுக்காரர், இடத்தை அடைக்கிறது என்று எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிட்டார். நல்ல மனிதர்தான். அடித்ததில்லை, குடித்ததில்லை. எடைக்குப் போட்டார். அக்கா ஒரு நாள் ஸ்டேஷன் பக்கம் வேர்க்கடலை வாங்கினாளாம். பிரித்தால் அவள் பென்சிலால் அளவு குறித்து வைத்திருந்த பக்கம். கடலையைத் தின்றுவிட்டு அந்தத் தாளையும் போட்டுவிட்டாளாம். சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அதனால் கேட்கிறேன். நீங்கள் வாசிக்க வேண்டாம், ரசிக்கவும் வேண்டாம். உங்கள் வீட்டில் என் டிரங்குப் பெட்டிக்கு இடம் உண்டா? கதவைச் சாத்தாமல், ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைத்துக்கொள்ளாமல், நான் ஒரு பாட்டை முழுச் சத்தத்தில் கேட்கலாமா? கல்யாணப் பெண் கேட்க வேறு கேள்வியா இல்லை என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கு இதுதான் கேள்வி. யோசித்து எழுதுங்கள்.

ஞானசுந்தரி


அரக்கோணம்
28-3-1982

பிரியமான ஞானசுந்தரிக்கு,

யோசித்து எழுதச் சொன்னீர்கள். தெரியாத பொருளைப் பற்றி எப்படி யோசிப்பது என்று, முதலில் தெரிந்துகொள்ளப் புறப்பட்டேன்.

ஓய்வு நாளில் மெட்ராஸ் போய் மூர் மார்க்கெட்டில் பழைய பத்திரிகை கேட்டேன். "இங்கிலீஷா? வழவழா பேப்பரா?" என்றார் கடைக்காரர். ஆம் என்றேன். ஒரு கட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டார். ரயிலில் பிரித்தேன். ஒன்று நாய் வளர்ப்பவர்களுக்கானது. மற்றொன்று கம்பளி பின்னுவது. மூன்றாவது பணக்காரர்களின் படகுகள். ஷூ ஒன்றுகூட இல்லை. இருந்தாலும் தாளைத் தடவிப் பார்த்தபோது, இதை ஏன் எடைக்குப் போட மனம் வராது என்று கொஞ்சம் புரிந்தது. மூன்றையும் தனித் தபாலில் அனுப்பியிருக்கிறேன். வேண்டாம் என்றால் வைத்திருங்கள், நான் அங்கே வரும்போது திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்து, பாட்டு. ரயில்வே காலனியில் மிஸ்டர் டிக்ரூஸ் என்று ரிட்டயர்டு எஞ்சின் டிரைவர் இருக்கிறார். ஆங்கிலோ இந்தியர். அவர் வீட்டில் இந்தப் பாட்டெல்லாம் உண்டு என்று கேள்விப்பட்டுப் போனேன். லெந்து நாளில் கேட்கலாமா என்று தயங்கினேன். "மாமிசத்தை விட்டாச்சு மேன், பாட்டையும் வுடணுமா?" என்று சொல்லி இசைத்தட்டைச் சுழல விட்டார்.

பொய் எழுதி உங்களை மகிழ்விக்க மாட்டேன். எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டாவது பாட்டில் தலை வலிக்க ஆரம்பித்தது. மூன்றாவதில் நீங்கள் எழுதியபடி ஒரு கிதார் தனியாக அழுதது. அப்போது நான் பாட்டைக் கேட்கவில்லை. டைப் மிஷினில் தாளைத் தலைகீழாகச் செருகிய ஒரு பெண்ணை நினைத்துக்கொண்டிருந்தேன். டிக்ரூஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா மேன், லவ்வா?" என்று கேட்டார். கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது என்று சொன்னேன்.

உங்கள் கேள்விக்குப் பதில்: பெட்டிக்கு இடம் உண்டு. முழுச் சத்தத்தில் கேட்கலாம். எனக்குப் பிடிக்காதது வேறு, நீங்கள் கேட்பது வேறு.

உங்கள்
சத்தியநாதன்


ஆம்பூர்
14-4-1982

அன்புள்ள அத்தான்,

எழுதிவிட்டேன் பாருங்கள். ரோஸ் அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை, கேலி தாங்காது.

ஈஸ்டர் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் நான் கேட்காமலே அம்மா சாவியைக் கொடுத்தார்கள். "போடு, இன்னும் எத்தினி நாளு இந்த வீட்ல போடப்போற" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்கள். ஆனாலும் போட்டேன்.

பிடிக்கவில்லை என்று நீங்கள் எழுதிய வரியை எத்தனை தரம் படித்தேன் என்று கேட்காதீர்கள். 'ஆகா, என்ன இனிமை' என்று எழுதியிருந்தீர்களானால் கடிதத்தை மூலையில் போட்டிருப்பேன். உங்கள் தலைவலிக்காகத்தான் உங்களை எனக்குப் பிடித்துப்போயிற்று. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், ஆமாம், பிடித்துப்போயிற்று.

இனி நாய் விஷயம். அந்தப் பத்திரிகையைப் பார்த்து வீடே சிரித்தது. நான் மட்டும் ஒரு படத்தை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். சடை நாய் ஒன்று, அதன் கழுத்துப் பட்டையில் இரட்டை வளையம், வார் ஒன்றில் புகுந்து மற்றொன்றில் திரும்பி வருகிறது. அதே மாதிரி பெண்கள் ஷூவுக்குக் கணுக்காலில் ஒரு வார் வைத்தால் என்ன? ஆபித் பாஷா மாஸ்டரிடம் காட்டினேன். "நாய்ப் பட்டையா?" என்று முதலில் முறைத்தார். பிறகு அவரே தோல் எடுத்துக் கொடுத்தார். போன வாரம் ஜெர்மன் அம்மாள் ஒருத்தி வந்து மேசைமேல் இருந்த பத்துப் பதினைந்து சாம்பிளைத் தள்ளிவிட்டு இதைக் கையில் எடுத்தாள். ஆர்டர் ஆகிவிட்டது! நானே யோசித்த முதல் மாடல். மாஸ்டர் என்னை இனிமேல் வெட்டுவதை விட்டு வரையச் சொல்லியிருக்கிறார். சந்தோஷத்தில் என் கால் தரையில் இல்லை.

கல்யாணத்துக்குப் பிறகு இந்த வேலை என்ன ஆகும் என்று நாம் பேசவே இல்லை. நேரில் பேசுவோமா? ஞாயிற்றுக்கிழமை முதல் ஓலை. என்னை இனிமேல் 'நீ' என்றே எழுதுங்கள்.

உங்கள்
ஞானசுந்தரி


ஆம்பூர்
21-4-1982

திரு. சத்தியநாதன் அவர்களுக்கு,

முதல் ஓலை வாசித்த மறுநாளே உங்கள் அண்ணன் வந்து உங்கள் அம்மா சொல்லியனுப்பியதைச் சொன்னார். கல்யாணத்தோடு வேலையை விட்டுவிட வேண்டும். டேப்புகளும் 'அரைகுறைத் துணி போட்ட வெள்ளைக்காரிகள் படம் போட்ட புத்தகங்களும்' வீட்டுக்குள் வரக் கூடாது. "தம்பிக்கும் இதான் இஷ்டம், அம்மா கேட்டப்ப சரின்ட்டான்" என்றார். காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

நாய்ப் பட்டை விவரம்கூட அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் உங்களுக்கு மட்டும் எழுதியது அது.

எங்கள் அம்மா, வேலையும் பெட்டியும் போனால் போகட்டும் என்கிறார்கள். "உங்கக்கா வாழலையா?" என்று கேட்கிறார்கள். ரோஸ் அக்கா மட்டும் என் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு புத்தகமாகப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

பெட்டிக்கு இடம் உண்டு என்று எழுதியது நீங்கள்தானே? அந்த வார்த்தையும் கிதார் மாதிரி, கை அடங்கட்டும் என்று யாரோ கொடுத்ததா? இரண்டாம் ஓலையை நான் நிறுத்தப்போவதில்லை, அம்மாவின் முகத்துக்காக. மூன்றாம் ஓலையன்று போதகர் கேட்கும்போது நானே எழுந்து நிற்பேன். பழியை நீங்கள் ஏற்க வேண்டாம். எனக்குச் சுமக்கத் தெரியும்.

ஞானசுந்தரி


அரக்கோணம்
24-4-1982

ஞானசுந்தரிக்கு,

அண்ணன் அங்கே வந்தது எனக்குத் தெரியாது. ஆனால் நான் குற்றமற்றவன் இல்லை.

ஜெர்மன் அம்மாள் உங்கள் மாடலை எடுத்த விவரத்தை நான்தான் வீட்டில் வாசித்துக் காட்டினேன், டேப்பையும் புத்தகங்களையும் பற்றியும் சொன்னேன். பெருமையாக இருந்தது, அடக்க முடியவில்லை. அம்மா கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணு வேலைய வுட்டுட்டுதானே வரும்?" என்றார்கள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "பாக்கலாம்மா" என்றேன். எங்கள் வீட்டில் பார்க்கலாம் என்றால் சரி என்று அர்த்தம். அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன், சாப்பாட்டு வேளையில் சண்டை வேண்டாம் என்று.

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவர்கள் ஆம்பூர் வரைக்கும் போவார்கள் என்று நான் நினைக்கவில்லை. வாயில் கொழுக்கட்டை வைத்துக்கொண்ட மாதிரி நான் மழுப்பியது உங்கள் பெட்டியின்மேல் வந்து விழுந்துவிட்டது.

மன்னிப்புக் கேட்டு எழுத மனமில்லை, அது சுலபமான வேலை. திங்கட்கிழமை லீவு போட்டிருக்கிறேன். முடிந்ததும் எழுதுகிறேன். மூன்றாம் ஓலைக்கு முன் கடிதம் உங்கள் கையில் இருக்கும்.

சத்தியநாதன்


அரக்கோணம்
29-4-1982

பிரியமான ஞானசுந்தரிக்கு,

திங்கட்கிழமை உன் ஊருக்குத்தான் வந்தேன். உன்னைப் பார்க்க வரவில்லை. கையில் எதுவும் இல்லாமல் வந்து நிற்க வெட்கமாக இருந்தது.

ஆம்பூர் ஸ்டேஷன் பார்சல் ஆபீசில் கோவிந்தசாமி என்று ஒருவர் இருக்கிறார். சொந்த ஊர் அரக்கோணம். தோல் வாடை ஒத்துக்கொள்ளாமல், யாராவது இடம் மாற்றிக்கொள்ள வருவார்களா என்று வருஷக்கணக்கில் டிவிஷன் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆம்பூர் என்றதும் எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடுகிறார்கள். நான் போய், மாற்றிக்கொள்ளலாமா என்றேன். "சார், நிஜமாத்தான் கேக்கறீங்களா? வாடை அடிக்குமே சார்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பொண்டாட்டி வேலை இங்கே என்றேன். இன்னும் ஆகவில்லை, இருந்தாலும் அப்படித்தான் சொன்னேன். மறுநாள் இருவரும் சேர்ந்து மெட்ராஸ் போய் எழுதிக் கொடுத்துவிட்டோம். ஜூன் மாதம் உத்தரவு வந்துவிடும் என்றார்கள்.

அவர் குடியிருக்கும் ரயில்வே வீடும் நமக்கே கிடைக்கும். பார்த்துவிட்டு வந்தேன். ஓர் அறை, ஓர் அடுப்படி. சரக்கு வண்டிகளைக் கோக்கும் தண்டவாளத்துக்கு ஒட்டினாற்போல் இருக்கிறது. பகல் முழுக்க இடியோசை. அந்த வரிசையில் சத்தத்தைப் பற்றி யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. நீ வைக்கிற பாட்டு அவர்களுக்குக் காதிலேயே விழாது.

வீட்டில் சொன்னேன். அண்ணன், "பொண்டாட்டி ஊருக்குப் போற மொத ஆளு நீதான்டா" என்றார். அம்மா அழுதார்கள். எனக்கும் அழுகை வந்தது. "என்ன வுட்டுட்டுப் போறியா?" என்று கேட்டார்கள். விடவில்லை, மாதத்தில் இரண்டு ஞாயிறு இருவரும் வருவோம் என்றேன். அதற்கு நீ சம்மதிக்க வேண்டும். அவர்கள் கெட்டவர்கள் அல்ல. வேலைக்குப் போகிற மருமகளை எங்கள் தெருவில் அவர்கள் பார்த்ததில்லை. இன்னும் என்னிடம் பேசவில்லை. தட்டில் சோற்றைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். இரண்டு நாளாக முட்டையும் வைக்கிறார்கள், அதனால் கொஞ்சம் நம்பிக்கை.

பாட்டு இன்னும் எனக்குப் பிடிக்கவில்லை. மறுபடி டிக்ரூஸ் வீட்டில் கேட்டுப் பார்த்தேன். பயனில்லை. தாங்க முடியாதபோது வெளியே போய் வண்டிகளைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அதற்காக நீ சத்தத்தைக் குறைக்கக் கூடாது.

இதையெல்லாம் செய்துவிட்டேன் என்பதற்காக நீ சரி சொல்ல வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை எழுந்து நிற்பதானால் நில். கையெழுத்துப் போட்டாயிற்று, ஓலை நின்றாலும் ஆம்பூருக்கு நான் வந்துதான் ஆக வேண்டும். தோல் வாடையில் உட்கார்ந்து உன் கம்பெனிப் பார்சல்களை எடை போட்டுக்கொண்டிருப்பேன்.

உன்
சத்தியநாதன்


ஆம்பூர்
2-5-1982, ஞாயிறு

அன்புள்ள அத்தான்,

உங்கள் கடிதம் சனிக்கிழமை மதியம் வந்தது. படித்துவிட்டு ரோஸ் அக்காவிடம் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு வெளியே போய்த் துணி உலர்த்தினாள். துணி ஏற்கனவே காய்ந்துதான் இருந்தது. உள்ளே வந்து, "முட்டை வைக்கிறாங்கன்னா பேசிடுவாங்கடி" என்றாள். அம்மாவிடம் விவரம் மட்டும் சொன்னேன். "ஆம்பூருக்கேவா?" என்று கேட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். மாதத்தில் இரண்டு ஞாயிறு போதுமா என்று உங்கள் அம்மாவைக் கேளுங்கள். மூன்றென்றாலும் வருகிறேன். அவர்கள் காலுக்கு நான் அளவெடுக்க வேண்டும்.

இன்று நடந்ததை நீங்கள் மற்றவர் வாயால் கேட்கும் முன் நானே எழுதிவிடுகிறேன்.

ஓலை வாசிக்கிற நாளில் பெண் கோயிலுக்கு வரக் கூடாது என்று அம்மா. அப்படி எங்கும் எழுதியில்லை என்று நான். எழுந்து நிற்பேன் என்று நான் முன்பு கத்தியதெல்லாம் அம்மாவுக்கு நினைவிருந்தது போலும், என் பக்கத்திலேயே நெருக்கி உட்கார்ந்துகொண்டு என் முந்தானை நுனியைக் கையில் சுற்றி வைத்துக்கொண்டார்கள். போதகர் அறிவிப்புகளைப் படித்தார். பிறகு அரக்கோணம் சபை சத்தியநாதன், நம் சபை ஞானசுந்தரி என்று நம் பெயர்களை வாசித்து, இது மூன்றாம் முறை என்றார். இவர்கள் சேர்வதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் இருந்தால் சொல்லலாம் என்று வழக்கம்போலக் கேட்டுவிட்டு, வழக்கம்போல மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் நின்றார். அந்த நிசப்தத்தில் யாரும் இருமக்கூட மாட்டார்கள், உங்களுக்குத் தெரியுமே.

நான் எழுந்து நின்றேன்.

முந்தானை அம்மாவின் கையிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிட்டது. "உட்காருடி" என்று அம்மா பல்லைக் கடித்தது மூன்று வரிசைக்குக் கேட்டிருக்கும். எல்லாத் தலையும் திரும்பியது. என் குரல் நன்றாகவே வந்தது.

"தடை எதுவும் இல்ல ஐயா" என்றேன்.

போதகர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "அம்மா, தடை இருந்தாத்தான் எழுந்து சொல்லணும்" என்றார்.

"தெரியும் ஐயா. இல்லன்னா அதையும் ஒருத்தர் சொல்லலாம்ல?" என்றேன்.

பின் வரிசையில் யாரோ ஒருவர் சிரித்தார். அப்புறம் கோயிலே சிரித்தது. ரோஸ் அக்கா சிரித்துக்கொண்டே அழுதாள். அம்மா முகத்தை மூடிக்கொண்டார்கள். போதகர் சிரிப்பை அடக்க மாட்டாமல் அவசரமாக அடுத்த பாட்டின் எண்ணைச் சொல்ல, சபை முழுக்கப் பாடுவதற்கு எழுந்தது. நான் ஏற்கனவே நின்றுகொண்டிருந்தேன்.

உங்கள்
ஞானசுந்தரி